ஐந்து கிராம் தொடுகை

லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வைத்திய அறை வைத்திருப்பவளை நான் எந்தக் கணக்கில் நம்புவது? முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. படியேறுவதே எனக்கு ஒரு மானக்கேடு. அன்றைக்கு ஐம்பத்தெட்டுப் படிகள் ஏறினேன். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினேன். நடுவில் எண்ணிக்கை இரண்டு தடவை தப்பிப்போனது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வைத்தியக்காரி வேறு யாருமில்லை, என் மச்சினி. என் மனைவிக்கு நேர் இளையவள். பல் மருத்துவர் ஒருவரிடம் பதினாறு வருடம் ஊசியும் இடுக்கியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் எங்கேயோ போய்ப் படித்துவிட்டு வந்தாள். என்ன படிப்பு என்று கேட்டால் கிரேனியோசேக்ரல் தெரபி என்றாள். மண்டையோட்டிலிருந்து முதுகெலும்பின் அடிநுனி வரை மெதுவாகத் தொட்டே உடம்பை இளகச் செய்வதாம். எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். "அஞ்சு கிராம் எடை மாமா. ஒரு நாணயத்தை வச்சா எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு அது போதாதா? அதற்குப் பிறகு குடும்பத்தில் எந்தச் சாப்பாட்டுக்குக் கூடினாலும் அவள்தான் என் வாய்க்கு அவல். "தொட்டாலே சரியாயிடும்னா நான் எதுக்கு ஸ்பேனரைத் தூக்கிட்டு அலையறேன்? லிஃப்டை ஒரு தடவு தடவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கலாமே!" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் ஏன் எப்போதும் அந்த நேரத்தில் தட்டெடுக்கப் போகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது தலைவலி. மூன்று வாரமாக, காலையில் கண் திறக்கும்போதே இடது பக்கம் கனத்துக் கிடந்தது. மத்தியானம் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தேன். மருத்துவரிடம் போகலாம் என்று மனைவி கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்தேன். கடைசியில் அவள் சொன்னாள்:

"டாக்டர்கிட்ட வரமாட்டீங்க, சரி. தங்கச்சிகிட்டயாவது போங்க. அவ ஒண்ணும் கடிச்சிட மாட்டா. நான் நாளைக்குப் பத்து மணின்னு சொல்லிட்டேன்."

ஒப்புக்கொண்டேன். காரணம் இருக்கிறது. மருத்துவரிடம் போனால் எங்கே இடித்தது, எப்போது இடித்தது என்று கேட்பார். சும்மா தொட்டுப் பார்க்கிறவள் என்ன கேட்டுவிடப் போகிறாள்?

ஆமாம், இடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியிருந்தேன். வெக்கை தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோது, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புத் தாங்கியின் முனை இடது காதுக்கு மேலே பதம் பார்த்தது. இரண்டு மூன்று நொடி எல்லாம் இருட்டு. பிறகு ஒரு சின்ன வீக்கம், கொஞ்சம் ரத்தக்கசிவு, அவ்வளவுதான். என்னோடு வேலை செய்கிறவன் அப்போது மொட்டைமாடி மோட்டார் அறையில் இருந்தான். ஆறடி மூன்று அங்குல உயரம், எங்கே நுழைந்தாலும் குனிந்து நுழைவான். அவனை எல்லோரும் ஒட்டகம் என்போம். அவன் கீழே வருவதற்குள் நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுவிட்டேன்.

எங்கள் பட்டறை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. விபத்து இல்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையை அதில் எழுதுவோம். தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுவது மூத்தவனாகிய என் வேலை. ஆயிரத்து நூற்றைத் தாண்டியிருந்தது. எங்களுக்குள் ஒரு வழக்கம்: யாருக்கு அடிபடுகிறதோ, அவனே எல்லோர் முன்னாலும் வந்து, அந்த எண்ணை அழித்து, தன் கையால் சுழி போட வேண்டும். ஹெல்மெட் போடாதவனை, பெற்ற தாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லி நான் திட்டுவேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது நானே போய்ச் சுழி போடுவதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மறுநாள் காலை எண்ணில் ஒன்றைக் கூட்டி எழுதினேன்.

மச்சினியின் அறை ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. தையல் இயந்திரத்தின் ஓட்டம் தரை வழியாகக் காலில் லேசாக ஏறியது. வெளிர் நிறச் சுவர். ஒரு நீளமான மெத்தை மேசை. அதன்மேல் துவைத்து மடித்த விரிப்பு. வாசனைக்குச்சி, கண்ணாடிக் குடுவை, தியானம் செய்யும் சிலை என்று ஏதாவது இருக்கும், சிரிக்கலாம் என்று வந்தேன். எதுவுமில்லை. பல் மருத்துவர் அறையில் பழகியவள் போலவே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள்.

"வாங்க மாமா. மூச்சு வாங்குதே, உட்காருங்க. இந்த ஃபார்மை மட்டும் நிரப்பிடுங்க."

"எனக்குமா ஃபார்ம்? என் பேர் தெரியாதா உனக்கு?"

"எங்கம்மாவே வந்தாலும் ஃபார்ம்தான்."

இரண்டு பக்கம். ரத்த அழுத்தம் உண்டா, பக்கவாதம் வந்ததா, மூளையில் ரத்தக்குழாய் வீக்கம் என்று யாராவது சொன்னார்களா. ஏழாவது கேள்வி: சமீபத்தில் தலையில் அடிபட்டதா? பேனா அங்கே கொஞ்சம் நின்றது. 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். கோடு கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.

அவள் வாங்கிப் படித்தாள். பிறகு, என்னென்ன நடக்கும் என்று சொன்னாள். சட்டை பேண்ட்டோடு படுத்தால் போதும். செருப்பு, பெல்ட், சாவிக்கொத்து மட்டும் கழற்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதலில் பாதம், பிறகு இடுப்புக்குக் கீழே, கடைசியில் தலை. நெட்டி முறிப்பதோ பிசைவதோ கிடையாது.

"தூக்கம் வரலாம். வயிறு கடகடன்னு சத்தம் போடலாம். சூடா இருக்கிற மாதிரி தோணலாம். சில பேர் காரணமே தெரியாம அழுவாங்க. ஒண்ணுமே தோணாமலும் போகலாம். தப்பில்லை."

"ஒண்ணுமே தோணலேன்னா உனக்கு எப்படித் தொழில் நடக்கும்?"

"நடக்குது மாமா, ஏதோ." அவள் கோபப்படவில்லை. "இதுக்குச் சரியான ஆதாரம் கிடையாதுன்னு சொல்ற டாக்டருங்க நிறைய இருக்காங்க. நான் எந்த நோயையும் குணப்படுத்தறேன்னு போர்டு வைக்கலை. வர்றவங்க ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு பண்ணாம கிடக்கறாங்க. போகும்போது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு. என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்."

இப்படிப் பேசுகிறவளை எப்படிக் கேலி செய்வது? நான் ஏமாந்துபோனேன். பேசாமல் பெல்ட்டைக் கழற்றினேன். கொக்கி வலது கைக்குள் அடங்காமல் நாலைந்து தடவை நழுவியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலிலிருந்து செருப்பு எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை, கதவருகிலேயே கிடந்தது.

படுத்தேன். என் பாதங்களின் அடியில் அவள் உட்கார்ந்து, இரண்டு குதிகால்களையும் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டாள். அவ்வளவுதான். ஏதோ ஆரம்பிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். எதுவும் ஆரம்பிக்கவில்லை. கீழே தையல் இயந்திரம் ஓடியது, நின்றது, ஓடியது. என் வாழ்க்கையில் என் குதிகாலை யாராவது இப்படிப் பிடித்திருக்கிறார்களா? என் அம்மா பிடித்திருக்கலாம், எனக்கு நினைவில்லாத காலத்தில். ஐந்து கிராமோ ஐம்பது கிராமோ, அந்தக் கைகளுக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. என்னைத் தொடுகிற எல்லாக் கைகளுக்கும் ஏதோ ஒன்று வேண்டும்: சாவி வேண்டும், கையெழுத்து வேண்டும், ஏன் இன்னும் லிஃப்ட் வரவில்லை என்று பதில் வேண்டும்.

கண் ஓரத்தில் ஈரம் இறங்கிக் காதுக்குள் போனது. அவமானமாக இருந்தது. துடைக்கக் கை எழவில்லை. சீக்கிரம் தலைக்கு வரட்டும் என்று இருந்தது. கேலி செய்த வாயை மூடிக்கொண்டு, அந்தக் கைகள் இடது பக்கக் கனத்தின் மேல் வந்து இருந்தால் எப்படியிருக்கும் என்று ஏங்கிக்கொண்டு கிடந்தேன். இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கைகள் விலகின. அவள் எழுந்து தலைப்பக்கம் வந்தாள். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை.

"மாமா, எழுந்து உட்காருங்க."

"முடிஞ்சுதா? தலை இன்னும் பாக்கி இருக்கே?"

"உட்காருங்க. காதுக்கு மேல அது என்ன தழும்பு?"

"கதவு இடிச்சுது."

"எந்தக் கதவு?"

"வீட்டுக் கதவுதான். விசாரணை பண்ணவா வரச் சொன்னே?"

அவள் என் முன்னால் வந்து நின்றாள். "ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. உள்ளங்கை மேல பார்க்கட்டும். கண்ணை மூடிக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க" என்றாள். இதுவும் அவளுடைய வைத்தியத்தில் சேர்ந்தது என்று நினைத்து நீட்டினேன். "இப்போ பாருங்க."

பார்த்தேன். இடது கை நீட்டிய இடத்திலேயே இருந்தது. வலது கை ஒரு சாண் கீழே இறங்கி, உள்ளங்கை உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் இறக்கவில்லை. அது இறங்கியது எனக்குத் தெரியவும் இல்லை. முப்பத்தொரு வருடமாக ஸ்பேனர் பிடித்த கை அது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"தலைவலின்னு வந்தவனோட காலைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தே. இப்போ கையை நீட்டுங்கறே. தலையைத் தொட மாட்டியா நீ?"

"மாட்டேன் மாமா." அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தலையில அடிபட்டவங்களை நான் தொடவே கூடாது. எங்க படிப்புல முதல் பாடமே அதுதான். உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா... நீங்க உண்மையைச் சொல்லுங்க. எங்க இடிச்சுது?"

சொன்னேன். குழி, வெக்கை, ஹெல்மெட், கரும்பலகை எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வாரத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி அல்ல, பயம். அவள் தொலைபேசியில் வண்டிக்குச் சொல்லிவிட்டு, எனக்குச் செருப்பு மாட்டிவிட்டாள்.

இறங்கும்போது அவள் எனக்கு ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி, பின்னோக்கிப் போனாள். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை என் நெஞ்சில். நான் சரிந்தால் நேராக அவள் மேல்தான் சரிந்திருப்பேன். என் எடைக்கு அவள் தாங்கியிருக்க மாட்டாள். ஐம்பத்தெட்டுப் படியும் அப்படியே இறங்கினாள். கட்டடத்தில் ஒரு லிஃப்ட் இல்லையே என்று நான் ஒரு பகிடி சொல்லப் பார்த்தேன். வாய் குழறியது.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே, மூன்று வாரமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்த ரத்தம் தேங்கி நின்று மூளையை அமுக்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே மண்டையில் துளை போட்டு வடித்தார்கள். இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்று மருத்துவர் என் மனைவியிடம் சொன்னாராம். அவள் என்னிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட என் தலையைப் பார்த்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுடைய இயல்புக்குத் திரும்பிவிட்டாள்.

"ஆபீசுக்குக் குளியலறையில வழுக்கி விழுந்தாருன்னு சொல்லியாச்சு. டாக்டருக்கு உண்மை, ஆபீசுக்குக் குளியலறை. நீங்க குட்டையைக் குழப்பாம இருங்க. எட்டு மாசத்துல மரியாதையா வெளிய வரலாம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டும் அளவுக்குத் தலை மிச்சமிருந்ததே பெரிய விஷயம். மனைவி மருந்து வாங்கக் கீழே போனாள். மச்சினி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் விழித்திருந்த நேரமெல்லாம் அவள் அங்கேதான் இருந்தாள்.

"நீ இல்லேன்னா நான் இல்லை" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அவள் தலையைத் தூக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க மாமா. ஒரு கால் செருப்பு கழன்டது கூடத் தெரியாம நீங்க வந்தப்பவே எனக்குச் சந்தேகம். பெல்ட்டைக் கழட்ட முடியாம நின்னப்ப இன்னும் சந்தேகம். அப்பவே நிறுத்தியிருக்கணும். நான் நிறுத்தலை. இருபது நிமிஷம் உங்க காலைப் பிடிச்சுட்டு இருந்தேன்."

"ஏன்?"

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா வந்திருந்தீங்க. இறங்கிப் போகும்போது, பரவாயில்லையே, நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு..." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஒரு வார்த்தைக்காக இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டேன். தலைப்பக்கம் வந்து உட்கார்ந்து தழும்பைப் பார்த்த பிறகும் கை நீளத்தான் பார்த்தது."

சாப்பாட்டு மேசையில் நான் அடித்த பகிடிகளுக்கு இப்படியும் ஒரு கணக்கு இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "உன் மேல தப்பில்லை. நான் அடிச்ச கேலியெல்லாம் தப்பு" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

மனைவி திரும்பி வந்தபோது அவளோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் கோப்போடு வந்த பெண்மணி, எங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி. அவருக்குப் பின்னால், கதவு நிலையில் குனிந்து நுழைந்தபடி, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு ஒட்டகம்.

"எப்படி இருக்கீங்க சார்? ஒரே ஒரு கேள்விதான், எழுதிட்டுப் போயிடறேன்" என்றார் அதிகாரி. "விழுந்தது வீட்லயா, வேலை செய்யற இடத்துலயா?"

"வீட்லதான்" என்றாள் என் மனைவி. "குளியலறையில."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். ஒட்டகம் பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "நீங்க இல்லாம அந்தப் பழைய கட்டடத்து வேலை அப்படியே கிடக்குது அண்ணே. நாளைக்கு நான்தான் குழிக்குள்ள இறங்கணும்" என்றான், சும்மா பேச்சுக்கு.

அந்த இரும்பு முனை அங்கேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டச் சொல்லவும் ஆளில்லை, மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொல்லவும் ஆளில்லை, ஏனென்றால் அதில் யாருக்கும் அடிபட்டதாகவே தெரியாது.

"வேலை செய்யற இடத்துலதாம்மா" என்றேன். "குழிக்குள்ள. ஹெல்மெட் போடாம இருந்தேன். மூணு வாரம் மறைச்சேன்."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி எழுதிக்கொண்டார். எங்கே, எந்தச் சுவர், எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கதவுக்கு எதிர்ச்சுவர்தானே அண்ணே?" என்று குறுக்கே கேட்டான் ஒட்டகம். "கீழ இருந்து ரெண்டாவது தாங்கி?"

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் பழப் பையைத் தரையில் வைத்தான். கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோனான். நெடுநாள் பழகிய இடத்துக்குப் போவதைப் போல விரல் நேராக அங்கே போய் நின்றது.

"பதினொரு நாள் ஆச்சு. நீங்க லீவு போட்ட அன்னைக்கு எண்ணெய் பார்க்க இறங்கினேன். உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்... நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் அண்ணே."

ஒரு மனிதன் என் வாய்க்குப் பயந்து தன் மண்டையை மறைத்துக்கொண்டு பதினொரு நாள் நடமாடியிருக்கிறான். இந்த வாயை வைத்துக்கொண்டுதான் பத்திரம் பத்திரம் என்று இத்தனை வருடம் கத்தியிருக்கிறேன்.

மச்சினி எழுந்துவிட்டாள். "தலைவலி இருக்கா? காலையில அதிகமா இருக்கா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையசைத்ததும், வேறெதுவும் கேட்காமல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கீழேதான் ஸ்கேன் எடுக்கற இடம். வாங்க, இப்பவே" என்றாள். கதவருகே போனதும் அவன் நின்று, குழந்தை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் போர்வையைத் தள்ளினேன். கால்களைக் கீழே தொங்கப் போட்டேன்.

"ஐயோ, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்று பதறினாள் மனைவி. "டாக்டர் எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு!"

"ஒரு சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லு" என்றேன். "அவன் பயப்படுவான்."